சம்மட்டி பிடித்த கைகள்

கண்டியை அண்டிய கிராமமொன்றில் கொல்லர் பட்டறை ஒன்றுக்கு அண்மையில் போயிருந்தேன். கொல்லர் காய்ந்த இரும்பைக் குறட்டில் பிடித்தபடி அமர்ந்திருந்தார். உலையை ஊதி மூட்டிவிட்டு, எதிரே வந்து சம்மட்டி ஓங்கியவர் அவருடைய மனைவி. "இவ இல்லேன்னா உலை எரியாதுங்க" என்றார் கொல்லர். எனக்கு ரொபேர்ட் நொக்ஸின் நினைவு வந்தது.

1660இல் இரண்டாம் இராஜசிங்க மன்னனின் கைதியான இந்த ஆங்கிலேயர், 1679இல் தப்பிச் சென்று, 1681இல் இலண்டனில் தம் நூலை வெளியிட்டார். அதில் கண்டி நாட்டுக் கொல்லனைப் பற்றிச் சுவையான பகுதியொன்று உண்டு. கொல்லன் தன் ஆசனத்தில் கம்பீரமாக வீற்றிருப்பான். வேலை கொண்டு வருபவனே இரும்பும் கரியும் கொண்டுவர வேண்டும். துருத்தி ஊதுவதும், பெரிய சம்மட்டியால் அடிப்பதும் அவனே. கொல்லனோ சிறு சுத்தியலால் இடையிடையே தட்டி உருவத்தைச் சரிசெய்வான். கருவிகளைச் செப்பனிடுவதற்கான கூலி அறுவடையின்போது நெல்லாக வந்து சேரும்.

போருக்குப் போன ஆண்கள் தம் உணவைத் தாமே சுமந்து சென்றதையும் அதே நூல் சொல்கிறது. ஒல்லாந்தரை எதிர்த்து ஆண்கள் நிற்கையில், வயல் காத்திருக்குமா? மழுங்கிய கொழுவைப் பட்டறைக்கு எடுத்துச் சென்றவர் யார்? சற்றுமுன் 'வருபவன்', 'அவனே' என்று நான் சொன்னேன். நொக்ஸின் ஆங்கிலத்தில் அந்த ஆண்பால் இல்லை. 'வருபவர்கள்' என்ற பொருளே உண்டு. 'அவன்' என்பது நாம் வாசித்துப் பழகியது. போர்க்காலத்தில் அந்த 'வருபவர்கள்' பலர் பெண்களாக இருந்திருப்பர் என்பதே என் ஊகம்.

இராஜஸ்தானத்தின் காடியா லோஹார் என்னும் கொல்லர்கள், 1568இல் சித்தூர்க் கோட்டை அக்பரிடம் வீழ்ந்தபின் ஊரைத் துறந்து வண்டியேறியவர்கள் என்பது அவர்களது மரபுக்கதை. அவர்களிடையே குறடு பிடிப்பவர் கணவர். சம்மட்டி ஓங்குபவர் மனைவி.

1765இல் ஒல்லாந்தர் கண்டியிலிருந்து கவர்ந்துபோன பீரங்கி, பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் பதித்தது, 2023இல் நாடு திரும்பியது. லெவ்கே திசாவையின் பெயரால் அது வழங்குகிறது. பிரபுவின் பெயர் நிலைத்துவிட்டது. உலையருகே வெந்தவர்களின் பெயர்?

விடைபெறும்போது அந்த அம்மாவிடம், "உங்கள் தொழில் என்ன?" என்று கேட்டேன்.

"எனக்கு என்னங்க தொழில்? வீட்டுலதான் இருக்கேன்" என்றார்.

சம்மட்டி இன்னமும் அவர் கையில்தான் இருந்தது.