உடலின் பதமும் தடுப்பூசியின் பயனும்



கரிசலில் விதைக்கிறவர்களுக்கு நிலத்தின் பதத்தைப் பற்றி நாம் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. நீர் தேங்கினால் விதை அழுகும். வெடித்துக் காய்ந்தால் முளைக்காது. கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் 1901-ஆம் ஆண்டு முதல் நல்ல விதைக்காகப் பாடுபட்டு வருகிறது. ஆயினும் பதம் தப்பிய நிலத்தில் அவ்விதையும் குறைவாகவே விளையும். தடுப்பூசியின் செய்தியும் ஏறக்குறைய இதுவே. மருந்து ஒன்றே, அதனை ஏற்கும் உடல்கள் பல.

தடுப்பூசி தானாகவே நோயை எதிர்ப்பதன்று. கிருமியின் அடையாளத்தை உடலுக்குக் காட்டுவதே அதன் வேலை. அதைக் கண்டுகொண்டு எதிர்ப்பொருளை உண்டாக்குவதும், பின்னர் மறவாதிருப்பதும் இரத்தத்திலுள்ள வெள்ளணுக்களின் பொறுப்பு. உடலில் கொழுப்பு மிகும்போது இப்பொறுப்பு தடுமாறுகிறது. கொழுப்பு சும்மா கிடக்கும் பண்டமன்று. அதினின்று சுரக்கும் பொருள்கள் உடலெங்கும் ஓயாத மெல்லிய அழற்சியை வளர்க்கின்றன. இரத்தத்தில் சர்க்கரை கட்டுக்கடங்காதபோது வெள்ளணுக்கள் மேலும் சோர்கின்றன.

இது புதிய ஐயமன்று. மஞ்சட்காமாலை 'பி' வகைக்கான தடுப்பூசி பருமனான மருத்துவமனை ஊழியர்களிடம் குறைவாகவே பலித்ததென அமெரிக்க மருத்துவர்கள் 1985-இலேயே எழுதினர். வட கரோலினாவில் இன்புளுயென்சா ஊசியைப் பற்றி ஆராய்ந்து 2012-இல் வெளியிட்ட முடிவு இன்னும் கருதத்தக்கது. ஊசி போட்ட மாதத்தில் பருமனானவர்களிடமும் எதிர்ப்பொருள் நன்றாகவே உயர்ந்தது. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது மற்றவர்களைவிட மிகுதியாக வற்றிப்போயிருந்தது. முளைப்பு குறையவில்லை, நிலைப்புத்தான் குறைந்தது.

நமது வட்டாரத்திற்கு இதில் என்ன கவலை என்று கேட்கலாம். கம்பும் சோளமும் உண்டு, காட்டு வேலைக்கு நடந்து சென்ற தலைமுறை நமக்கு முந்தையது. இன்று மூன்று வேளையும் அரிசி. தீப்பெட்டி வேலையோ நாள் முழுதும் உட்கார்ந்து செய்வது. (2020-இல் புவிசார் குறியீடு பெற்ற நம்மூர்க் கடலைமிட்டாயின் மேல் நாம் பழி சுமத்தவில்லை, வேளைக்கு வேளை குடிக்கும் சீனித் தேநீரைத்தான் சொல்லுகிறோம்.) 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 40 பேர் அளவுக்கு மிஞ்சிய எடையுள்ளவர்கள், ஏறக்குறைய 13 பேர் எடை குறைந்தவர்கள். ஒரே தெருவில் இரு துன்பமும் குடியிருக்கின்றன.

மெலிவும் தீங்கே. கடும் ஊட்டக்குறைவில், எதிர்ப்பணுக்கள் பயிலும் இடமான நெஞ்சுக்குழிச் சுரப்பி சுருங்குகிறது. வாய்வழிச் சொட்டுமருந்துகளுக்குக் குடல் நலமும் வேண்டும். இளம்பிள்ளைவாதச் சொட்டுமருந்து மூன்று தவணை கொடுத்தும் பல குழந்தைகளிடம் போதிய பயன் தரவில்லை என்பதை 1970-களில் வேலூர் மருத்துவர்கள் கண்டனர். பிற்காலத்தில் திரும்பத் திரும்பச் சொட்டுமருந்து கொடுத்தே இந்தியா 2014-இல் அந்நோயற்ற நாடெனச் சான்று பெற்றது.

ஆகவே, பருமனானவருக்கு ஊசி வீண் என்று யாரும் முடிவு கட்டிவிடலாகாது. இன்புளுயென்சாவும் கொரோனாவும் அவர்களையே அதிகம் வருத்துவன. ஊசியின் தேவையும் அவர்களுக்கே அதிகம். மருத்துவர் சொல்லும் அடுத்த தவணைகளை அவர்கள் தவறவிடலாகாது. பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரும் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் எட்டினால் சர்க்கரையைச் சோதித்துக்கொள்ளுதல் நலம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இச்சோதனையும் மாத்திரையும் வீட்டு வாசலுக்கே வருகின்றன.

நாய்க்கடி பற்றி ஒரு சொல். ஊசி என்றாலே பிட்டத்தில் போடச் சொல்லுகிறவர்கள் ஊர்தோறும் உண்டு. அங்கே கொழுப்பு தடித்திருப்பதால் ஊசி தசையை எட்டாது. வெறிநாய்க்கடி மருந்து அவ்விடத்தில் போடத்தக்கதன்று. தொப்புளைச் சுற்றி 14 ஊசி போட்ட பழங்காலமும் போய்விட்டது. கடிபட்டவுடன் சோப்பு நீரால் பதினைந்து நிமிடம் புண்ணைக் கழுவி, ஆரம்பச் சுகாதார நிலையத்திற்குச் செல்ல வேண்டும். தோலினுள் போடும் முறையில் இரு புயங்களிலும் அன்றைக்கும், பிறகு 3, 7, 28-ஆம் நாட்களிலும் போடுவார்கள். புண் ஆறிவிட்டதே என்று அந்த 28-ஆம் நாள் ஊசியை விதைப்பு வேலையில் விட்டுவிடுவோர் உண்டு. வீட்டிலுள்ள தாய்மார்கள் அந்த நாளை நாட்காட்டியில் குறித்து வைக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.