கவலை கற்றுத்தரும் வேலை

(அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



வேலை = விசை × இடப்பெயர்ச்சி. இதைக் கரும்பலகையில் எழுதி, "புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் நின்றால் வேலை சுழி" என்று பல ஆண்டுகள் நானும் சொல்லி வந்தேன். ஒருநாள் ஒரு மாணவி, "அப்புறம் ஏன் சார் கை வலிக்குது?" என்றாள். நான் வாய்பாட்டையே திரும்பச் சொன்னேன். அது பதில் அல்ல.

பதில் நம் கொங்குநாட்டுக் கிணற்று மேட்டில் இருந்தது. மின்மோட்டார் வருமுன் இங்கே கவலை இறைத்தார்கள். மாடுகள் வாரியின் சரிவில் இறங்க, வடக்கயிறு உருளை வழியாகப் பறியை மேலே இழுக்கும். 100 கிலோ நீர் 10 மீட்டர் ஏறினால் அந்த நீருக்குச் சேரும் ஆற்றல் ஏறக்குறைய 10,000 ஜூல். இறங்கும் மாடுகளின் எடையும் அதற்குத் துணை நிற்கும். ஆனால் அவை மறுபடி மேடேற வேண்டுமே! அந்த ஆற்றலைத் தீவனம்தான் தந்தது. தீவனத்திலிருந்து மாட்டுக்கு, மாட்டிலிருந்து நீருக்கு என ஆற்றல் கைமாறுகிறது. விசையின் வழியே நடக்கும் அந்தக் கைமாற்றமே வேலை.

மாடுகள் பாதி வாரியில் நின்றுவிட்டால்? கயிற்றில் விசை உண்டு, பறி ஏறவில்லை. நீருக்கு ஆற்றல் ஏதும் சேரவில்லை. மாட்டின் தசைகளோ இறுகி நின்று ஆற்றலைச் செலவழிக்கின்றன, அது வெப்பமாகிறது. மாணவியின் கை சோர்ந்ததும் இப்படித்தான்.

1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. நீலகிரியில் விழுந்த நீரின் ஆற்றல் டர்பைன், மின்னியற்றி, மின்கம்பி, மோட்டார் எனக் கைமாறி, சமவெளிக் கிணற்று நீரை மேலே தூக்கியது.

இன்றைய கணக்கையும் மாணவர்களே போடட்டும். 5 குதிரைத்திறன் என்பது 3,730 வாட். இழப்பே இல்லையென்று வைத்தாலும், 10 மீட்டர் ஆழத்திலிருந்து நொடிக்கு 37 லிட்டர் ஏறும். ஆயிரம் அடி, அதாவது சுமார் 300 மீட்டர் ஆழ்துளைக் கிணற்றின் அடியிலிருந்து ஒன்றேகால் லிட்டர்கூடத் தேறாது. விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம்தான். ஜூல் கணக்கில் சலுகை கிடையாது.

"உங்கள் தோட்டத்தில் தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது?" இந்தக் கேள்வியோடு அடுத்த பாடத்தைத் தொடங்கிப் பாருங்கள். வாய்பாடு தானாக வந்து சேரும். நிலத்தடி நீர் பற்றிய அக்கறையும் உடன் வரும்.