பல வருத்தம், ஒரே உடம்பு

சம்பூரில் தோட்டக் குடும்பங்களின் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை



மலைநாட்டிலிருந்து வந்திருக்கும் நாங்கள் இன்று சம்பளத்தைப் பற்றிப் பேசப் போவதில்லை. சம்பளத்துக்காக வாழ்நாளெல்லாம் மலை ஏறி இறங்கிய இருதயத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். 1977 கலவரத்தின் பின் தோட்டங்களை விட்டு இந்த மாவட்டத்துக்கு வந்த குடும்பங்கள் உண்டு. ஓய்வு பெற்றபின் பிள்ளைகளோடு வந்து இருக்கிற பெரியவர்களும் இங்கே இருக்கிறீர்கள். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டோம். வருத்தங்களை அப்படி இறக்கி வைக்க முடிவதில்லை.

எங்கள் தோட்டத்தில் ஒரு பெரியம்மா. பிரஷர், சீனி, முழங்கால் வலி. பிறகு இருதயத் துடிப்பு தாறுமாறாக இருக்கிறதென்று கிளினிக்கில் வார்பரின் என்ற குளிசை கொடுத்தார்கள். பிரஷருக்கு ஒரு நாள், சீனிக்கு ஒரு நாள், இரத்தப் பரிசோதனைக்கு இன்னொரு நாள் என்று அலைந்தார். முழங்கால் வலிக்குக் கடையில் குளிசை வாங்கிப் போட்டார். அது எந்த வைத்தியருக்கும் தெரியாது. ஒரு நாள் பல் ஈறில் இரத்தம் கசிந்தது. பயந்துபோய் ஒரு குளிசையை நிறுத்தினார். வலிக் குளிசையை அல்ல, வார்பரினை. சில வாரம் கழித்து ஒரு காலையில் வாய் கோணிப்போய், வலது கை விழுந்துவிட்டது. கொழுந்து பறித்த கை அது. நாங்கள் பக்கத்து லயத்தில்தான் இருந்தோம். என்ன மருந்து குடிக்கிறீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் குற்றம் எங்களுடையதும்தான்.

பெரியம்மாவுக்கு வந்த நோயின் பெயர் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். பள்ளியில் நாங்கள் சோணையறை என்று சொல்லிக்கொடுக்கிற இருதயத்தின் மேலறை, ஒழுங்காகச் சுருங்காமல் துடிதுடித்துக்கொண்டிருக்கும். பெரட்டுத் தப்பு கேட்டு எழும்பியவர்களுக்கு ஒழுங்கான அடி எதுவென்று தெரியும். இந்த நோயில் நாடி தாளம் தப்பிய தப்பைப் போல, ஒன்று கிட்ட, ஒன்று எட்ட விழும். சிலருக்குப் படபடப்பு, மூச்சிரைப்பு, களைப்பு வரும். சிலருக்கு ஒன்றுமே தெரியாது.

ஆபத்து எங்கே? மலையில் கான் வெட்டியவர்களுக்குத் தெரியும், ஓடுகிற தண்ணீரில் சேறு நிற்காது, தேங்குகிற மூலையில்தான் படியும். மேலறை சரியாகச் சுருங்காவிட்டால் அதன் மூலையில் இரத்தம் தேங்கிக் கட்டியாகும். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பாரிசவாதம். இந்த நோய் இருப்பவருக்கு அந்த ஆபத்து மற்றவரைப் போல் ஏறக்குறைய 5 மடங்கு.

“ஏற்கனவே இத்தனை வருத்தம், இத்தனை குளிசை. ஒன்றைக் குறைத்தால் என்ன?” என்று நம்மவர்கள் கேட்பார்கள். கணக்கு நேர்மாறானது. பிரஷர், சீனி, இருதய பலவீனம் இவை ஒவ்வொன்றுக்கும் வைத்தியர் 1 புள்ளி போடுவார். 65 வயதுக்கு 1, 75 வயதுக்கு 2, முன்பு பாரிசவாதம் வந்திருந்தால் 2. புள்ளி கூடக் கூட, இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து கட்டாயமாகிறது. வார்பரினை ஒழுங்காகக் குடித்தால் மூன்று பாரிசவாதத்தில் இரண்டைத் தடுக்கலாம். அஸ்பிரின் அதற்கு ஈடாகாது.

வார்பரின் கவனமாகக் குடிக்க வேண்டிய மருந்து. ஐ.என்.ஆர். என்ற இரத்தப் பரிசோதனையில் அளவு பெரும்பாலும் 2க்கும் 3க்கும் இடையில் நிற்க வேண்டும். டைக்ளோபெனக், ஐபுபுரூபன் போன்ற வலிக் குளிசைகள் அதோடு சேர்ந்தால் இரத்தக் கசிவு வரும், சிறுநீரகமும் கெடும். நாட்டு மருந்து, கசாயம் குடித்தாலும் வைத்தியரிடம் சொல்லுங்கள். கீரையை விட வேண்டாம், ஒரு கிழமை நிறைய, மறு கிழமை இல்லை என்று மாற்றாமல் ஒரே அளவாகச் சாப்பிடுங்கள். கசிப்பும் சாராயமும் துடிப்பையும் குழப்பும், மருந்தையும் குழப்பும். ஒரு நாள் குளிசை தவறினால் மறுநாள் இரண்டாகப் போட வேண்டாம். இரத்தம் கசிந்தால் நீங்களாக நிறுத்தாமல் அன்றைக்கே வைத்தியரிடம் போங்கள். பரிசோதனை அடிக்கடி தேவைப்படாத புதிய மருந்துகளும் உண்டு. ஆனால் சிறுநீரகத்தின் நிலை பார்த்துத்தான் அவற்றின் அளவு. வாதக் காய்ச்சலால் இருதய வால்வு நன்றாகச் சுருங்கியவர்களுக்கும், இயந்திர வகைச் செயற்கை வால்வு பொருத்தியவர்களுக்கும் இன்னும் வார்பரின்தான்.

வாதக் காய்ச்சல் என்றதும் ஆசிரியர்களாகிய எங்களுக்கு வகுப்பறை ஞாபகம் வருகிறது. தொண்டை நோவோடு வரும் பிள்ளையைக் கவனிக்காமல் விட்டால் அது சில வேளை வாதக் காய்ச்சலாகி, வால்வைக் கெடுத்து, இளம் வயதிலேயே இந்தத் துடிப்பு நோயைக் கொண்டுவரலாம். பிள்ளைக்குக் காய்ச்சலோடு தொண்டை நோவென்றால் வைத்தியரிடம் காட்டுங்கள். பெனிசிலின் ஊசி போடச் சொன்ன பிள்ளைக்கு ஒரு தவணையும் தவற விடாதீர்கள்.

இது பணக்கார ஊர்களின் நோய் என்று நினைக்க வேண்டாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தார் பிரித்தானியாவின் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து வடக்கில் நம் மக்களிடையே இதே நோயை ஆராய்ந்திருக்கிறார்கள்.

சம்பூர் மக்களிடம் நாங்கள் கற்றுக்கொண்ட ஒன்றைச் சொல்கிறோம். 2006இல் நீங்கள் இடம்பெயர்ந்து, கிளிவெட்டி முகாம்களில் வருடக்கணக்காக இருந்து, 2015க்குப் பிறகுதான் சொந்தக் காணிக்குத் திரும்பினீர்கள். அடையாள அட்டையும் காணி உறுதியும் எந்தப் பையில் இருக்கிறதென்று இன்றும் இருட்டில் தடவி எடுப்பீர்கள். கிளினிக் கொப்பியையும் அந்தப் பையிலேயே வையுங்கள். எல்லா வருத்தத்துக்கும் எல்லாக் குளிசையும், கடையில் வாங்கியதும் சேர்த்து, ஒரே தாளில் எழுதி அதற்குள் வையுங்கள். எழுதத் தெரியாவிட்டால் பள்ளிக்குப் போகிற பேரப்பிள்ளை எழுதட்டும். எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் அந்தத் தாளைக் காட்டுங்கள். நோய் நாலு, வைத்தியர் நாலு பேர், உடம்பு ஒன்றுதான்.

இது தனி ஆளால் மட்டும் முடிகிற காரியம் இல்லை. இங்கிருந்து பார்த்தால் கொட்டியாரக் குடாவுக்கு அப்பால் திருகோணமலை தெரிகிறது. போவதென்றால் மூதூர், கிண்ணியா என்று சுற்ற வேண்டும். தோட்டத்தில் கிளினிக் போனால் அன்றைய பேர் விழாது. ஆகவே நாம் சேர்ந்து கேட்க வேண்டியவை மூன்று. ஒருவருக்குப் பல கிளினிக் இருந்தால் அவற்றை ஒரே நாளில் வைக்க வேண்டும். பிரஷர் பார்க்கும்போது தோட்ட டிஸ்பென்சரியிலும் நாடி பார்க்க வேண்டும். கிளினிக் கொப்பியைக் காட்டும் தொழிலாளிக்கு அன்றைய பேரை வெட்டக் கூடாது.

கடைசியாக ஒன்று. ஒருவருக்கு வாய் கோணினால், கை தூக்க முடியாவிட்டால், பேச்சுக் குழறினால், எண்ணெய் தடவிக்கொண்டு நேரத்தைப் போக்க வேண்டாம். உடனே 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசில்லை. கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போடக்கூடிய நேரம் பொதுவாக நாலரை மணித்தியாலம்தான்.

இப்போது பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடியுங்கள். பெருவிரலின் கீழே, மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து ஒரு நிமிடம் எண்ணுங்கள். அடி ஒழுங்காக விழுகிறதா? தாளம் தப்பினால் பயப்பட வேண்டாம், இந்தக் கிழமைக்குள் ஈசீஜீ எடுத்துக் காட்டுங்கள். அன்று பெரியம்மாவின் கையை நாங்கள் பிடித்துப் பார்க்கவில்லை. இன்று நீங்கள் பாருங்கள்.