வெங்காயமும் பனங்கொட்டையும்



சுன்னாகம், உரும்பிராய், கோப்பாய் முதலிய ஊர்களின் செம்மண் தோட்டங்களிலே விதைவெங்காயத்தை ஊன்றுகின்ற கமக்காரரும், மாரிக்கு முன் பனங்கொட்டைகளைப் பாத்தியில் அடுக்கிக் கிழங்குக்காகக் காத்திருக்கின்ற தாய்மாரும், தாவரங்கள் தம் இனத்தைப் பெருக்கும் இருவேறு மார்க்கங்களை வருடந்தோறும் கையாண்டு வருகின்றனர். அவ்விரு மார்க்கங்களுக்கும் ஆதாரமாயுள்ள கலப்பிரிவைப் பற்றியே இன்று பேச எண்ணுகின்றேன்.

தாவரமாயினும் விலங்காயினும் அதன் கலத்தின் கருவினுள்ளே, சாயத்தை விரைந்து ஏற்கும் இயல்புடைய, நீண்டு மெலிந்த நுண்பொருள்கள் சில உண்டு. பரம்பரைக் குணங்களை நிர்ணயிக்கும் பரம்பரையலகுகள் இவற்றின் நெடுகிலும் நிரைநிரையாக அமைந்திருக்கின்றன. இவையே நிறமூர்த்தங்கள். கலம் பிரியும்போது இவை நடந்துகொள்ளும் முறையை ஜேர்மனிய அறிஞர் வால்தர் பிளெமிங் 1882-இல் விரிவாக எழுதி வெளியிட்டார். வெங்காயத்துக்கு 16, பனைக்கு 36, மனிதருக்கு 46 என இவற்றின் தொகை இனத்துக்கு இனம் வேறுபடும். நம்முடையவை 46 என்பதே 1956-இலேதான் திட்டமாயிற்று. தொகை மிகுவதால் மேன்மை மிகும் என்று கொள்ளவேண்டா. நம் தோட்டத்துப் புகையிலைக்கு 48 உண்டு. பயிர்த்தாவரங்களின் நிறமூர்த்தத் தொகைகளைத் திரட்டி 1945-இல் வெளிவந்த பெருநூலை டார்லிங்டன் என்னும் ஆங்கில அறிஞரோடு சேர்ந்து ஆக்கியவர், தலைச்சேரியிற் பிறந்து சென்னையிற் பயின்று கோயம்புத்தூரிலே கரும்பை ஆராய்ந்த ஜானகி அம்மாள் என்பதை நம் மாணவிகள் அறிந்திருத்தல் வேண்டும்.

வெங்காயக் குமிழொன்றின் அடிப்புறம் நீரிற் படும்படி வைத்தால் இரண்டு மூன்று நாளில் வெண்ணிற வேர்கள் இறங்கும். அவற்றின் நுனியைக் கிள்ளி, ஐதான ஐதரோகுளோரிக்கமிலத்தில் இளக்கி, காமைன் சாயமூட்டி, வழுக்கியில் வைத்து மெல்ல நசுக்கி நுணுக்குக்காட்டியிற் பார்த்தால், வளர்ச்சியென்று நாம் வழங்குவது யாதென்பது கண்ணுக்குப் புலனாகும். எழுத்தொன்றும் தப்பாமல் பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏடு எழுதிவைத்த நம் முன்னோரைப் போல, கலமானது பிரிவதற்கு முன்னரே தன் 16 நிறமூர்த்தங்களுக்கும் பிரதி செய்துகொள்கின்றது. பின்பு அவை குறுகித் தடித்து, கலத்தின் நடுவே வரிசையாய் நின்று, பிரதியும் மூலமும் ஒன்றைவிட்டொன்று விலகி எதிரெதிர் முனைகளை நோக்கி இழுபட, இருபுறமும் 16 வீதம் பெற்ற இரண்டு கலங்கள் உண்டாகின்றன. இதுவே இழையுருப்பிரிவு. ஒரு குமிழை ஊன்றப் பல குமிழ் திரள்வதும் இப்பிரிவினாலேயாம். ஆதலின் அவை யாவும் தாய்க்குமிழின் குணங்களையே கொண்டிருக்கும். நிறமும் காரமும் மாறாமல் வருவது இதனால் விளையும் நன்மை. தாய்க்குமிழ் தாங்கமாட்டாத நோயொன்று வருமாயின் தோட்டம் முழுவதுமே அதனைத் தாங்கமாட்டாது என்பது இதனால் விளையும் அபாயம். நீர்வேலியின் வாழைகளுக்கும் இதுவே கதி. கதலி முதலிய பலவற்றில் நிறமூர்த்தங்கள் மும்மடங்காய், 33 ஆய், சோடி சேர இயலாமல் நிற்றலால் அவற்றுக்கு வித்தில்லை, குட்டியினாலேயே பெருகவேண்டும்.

பனையின் கதை வேறு. அதன் 36 நிறமூர்த்தங்கள் 18 சோடிகளாகும்; ஒவ்வொரு சோடியிலும் ஒன்று தந்தைவழி வந்தது, ஒன்று தாய்வழி வந்தது. ஆண்பனையிலே மகரந்தமும் பெண்பனையிலே சூலும் உருவாகும் வேளையில், சோடிகள் பக்கத்துப் பக்கமாய்ப் பொருந்தித் தம்முள்ளே சில பகுதிகளை மாற்றிக்கொண்டு பிரிந்துபோக, அடுத்தடுத்து நிகழும் இரு பிரிவுகளின் முடிவிலே புணரி எனப்படும் பாற்கலம் ஒவ்வொன்றுக்கும் 18 மாத்திரமே கிடைக்கின்றன. இது ஒடுக்கற்பிரிவு. எந்தச் சோடியில் எது எப்பக்கம் போகும் என்பதற்கு நியதியில்லை. ஆகையால், பகுதிகள் மாறுவதைக் கணக்கில் எடாவிடினும், ஒரே பனை 2,62,144 வகைப் புணரிகளை ஆக்கவல்லது. ஆணும் பெண்ணும் கூடும்போது அத்தொகை அதே தொகையாற் பெருகி 6,871 கோடியைக் கடந்துவிடும். ஒரு குலையிற் பழுத்த பழங்களின் கொட்டைகள்கூடத் தம்முள் ஒத்திருப்பதில்லை. வடலியைப் பார்த்து ஆணோ பெண்ணோ என்று சொல்லுதலும் இயலாது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாகக் காத்திருந்து, பாளை வெளிவந்த பின்னரே அறியலாம்.

போர்க்காலத்திலே காவலரண்களுக்கும் பதுங்குகுழிகளுக்கும் எண்ணிறந்த பனைகளை நாம் இழந்தோம். இன்று அவ்வெளிகளிலே கொட்டை நடுகின்றவர்களிடம் நான் வேண்டுவது இரண்டு. காய்ப்பு நல்லதென்று ஒரு மரத்தின் அடியிலேயே பொறுக்காமல், பல ஊர்களின் பல மரங்களிலிருந்து கொட்டைகளைச் சேர்த்து நடுங்கள். காய்க்காத பனையென்று ஆண்பனையைத் தறித்துவிடாதீர்கள். கொட்டையிலிருந்து முளைக்கின்ற கிழங்கிலே பாதி நிறமூர்த்தங்கள் அது கொடுத்தவை.