அரசியல் நூல்களைத் தேர்ந்து படித்தல்



நான் ஓர் இந்துக் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவன். அரசியல் விஞ்ஞானம் என் பாடமன்று. எனினும் உயர்தர வகுப்பு மாணவர்களை விவாதப் போட்டிக்கு ஆயத்தப்படுத்தும் பொறுப்பு என்னுடையது. அதனால் அரசியல் நூல்களோடும் எனக்கு நெடுநாள் உறவு உண்டு.

ஒருமுறை 1953ஆம் ஆண்டு ஹர்த்தாலை விவாதப் பொருளாக எடுத்தோம். பங்கீட்டு அரிசியின் விலை கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்ந்ததை எதிர்த்து, அவ்வாண்டு ஓகஸ்ட் 12இல் நாடு ஸ்தம்பித்தது. உயிர்கள் பலியாயின. இரண்டு மாதங்களில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். மாணவன் ஒருவன் ஒரு நூலை விரித்து, "இது ஏழையின் வயிற்றில் அடித்த செயல்" என்றான். மற்றவன் வேறொரு நூலை விரித்து, "திறைசேரி தாங்காத சுமை" என்றான். பின்னால் இருந்த ஒருவன் எழுந்து, "சேர், ரெண்டும் அச்சில வந்ததுதானே. எதை நம்புறது?" என்று கேட்டான்.

அன்று நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். வீடு திரும்பும் வழியில் அந்தக் கேள்வி என்னையே சுட்டது. இருபது வயதில் நான் படித்த அரசியல் நூல்கள் யாவும் நான் ஏற்கனவே நம்பியதையே திருப்பிச் சொன்னவை. சொல்லின் சூட்டை உண்மையின் சூடு என்று எண்ணினேன். மறுபக்கத்தார் என்ன சொல்கிறார்கள் என்பதையும் நம்மவர் எழுத்து மூலமே அறிந்தேன். இப்படிப் படித்தவன் நான் ஒருவன் மட்டுமல்லன். ஒரு மொழியில் எழுதப்பட்டதை மறுமொழியினர் படியாமலே இந்நாட்டில் ஒரு தலைமுறை வளர்ந்தது. அதற்கு நாம் கொடுத்த விலை எல்லோரும் அறிந்ததே.

அப்படியானால் எப்படித் தேர்வது? வள்ளுவர் பொருட்பாலில் 'தெரிந்து தெளிதல்' என்று ஓர் அதிகாரம் வகுத்தார். அரசன் தன் பணியாளரை ஆராய்ந்து தேர்வதைக் கூறுவது அது. நூலையும் அவ்வாறே ஆராயலாம்.

முதலில், எழுதியவர் எங்கே நின்று எழுதுகிறார், எந்த ஆண்டில் எழுதுகிறார் என்று பார்க்க வேண்டும். பேராசிரியர் ஏ. ஜெயரத்தினம் வில்சன் எஸ். ஜே. வி. செல்வநாயகத்தின் மருமகன், ஜே. ஆர். ஜயவர்த்தனாவுக்கு அரசியலமைப்பு விடயங்களில் ஆலோசனை கூறியவருமாவார். 1978ஆம் ஆண்டு யாப்பை பிரான்சின் டி கோல் முறையோடு ஒப்பிட்டு 1980இல் ஒரு நூல் எழுதினார். 1988இல் வெளிவந்த அவரது நூலின் தலைப்போ இலங்கையின் உடைவைப் பற்றியது. இடையில் நின்றது 1983. இந்த விவரங்களை அறிந்தவர் அவர் நூல்களை ஒதுக்க வேண்டியதில்லை. எந்த இடத்தில் நிதானித்துப் படிக்க வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்வார்.

அடுத்து, தன்னை மறுப்பதற்கு வேண்டிய கருவியை நூல் நம் கையில் தருகிறதா என்று பார்க்க வேண்டும். அமர்த்தியா சென் 1981இல் வறுமையும் பஞ்சமும் பற்றி எழுதிய நூலை எடுத்துக்கொள்வோம். 1943ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தில் மக்கள் மாண்டது உணவு இல்லாமையால் என்றே பலரும் நம்பினர். கிடைத்த உணவு 1941இல் இருந்ததைவிடக் குறைவன்று, அதை வாங்கும் வலு கூலியாளர் போன்றோருக்கு இல்லாது போயிற்று என்று அவர் வாதிட்டார். கணக்கை எங்கிருந்து எடுத்தார் என்பதையும் காட்டினார். அதனாலேயே பிற அறிஞர் அக்கணக்கைச் சோதித்து மறுத்தும் எழுத முடிந்தது. மறுக்க வழியே வைக்காத நூல் பிரசாரம். மறுக்க வழிவிட்டும் நிலைத்து நிற்பது ஆராய்ச்சி.

மூன்றாவதாக, சட்டம் கடைசி மனிதனின் முற்றத்தில் என்ன செய்தது என்று நூல் காட்டுகிறதா? இலக்கிய நேயர்களுக்கு இங்கே ஒரு நாவலைச் சொல்வேன். லெனார்ட் வூல்ஃப் 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தார். அங்கே அவர் எழுதிய உத்தியோக நாட்குறிப்பு பின்னர் நூலாக வந்தது. 1913இல் அவர் வெளியிட்ட 'த விலேஜ் இன் த ஜங்கிள்' என்னும் நாவலிலோ, சேனைப் பயிர் செய்ய அனுமதிச் சீட்டு மறுக்கப்பட்ட ஒரு குடும்பம் படிப்படியாக அழிகிறது. சீட்டு கிடைப்பதும் கிடையாததும் கிராமத் தலைவனின் விருப்பு வெறுப்பைப் பொறுத்தது. நாட்குறிப்பு ஆட்சியை மேலிருந்து பார்க்கிறது. நாவல் கீழிருந்து பார்க்கிறது. இரண்டும் ஒரே கை எழுதியவை. இரண்டையும் சேர்த்துப் படிப்பவருக்கு நிர்வாகம் என்றால் என்ன என்பது விளங்கும்.

மீண்டும் ஹர்த்தாலுக்கு வருகிறேன். அடுத்த கிழமை அந்த மாணவர்களிடம் நூல்களை மாற்றிக் கொடுத்தேன். "எதிர்ப்பக்க நியாயத்தை அவர்களே ஒப்புக்கொள்ளும்படி சொல்லிக்காட்டுங்கள், பிறகு மறுங்கள்" என்றேன். கொரிய யுத்த காலத்தில் உயர்ந்திருந்த றப்பர் விலை வீழ்ந்ததையும், இறக்குமதி அரிசியின் விலை ஏறியதையும் ஒருவன் கண்டுபிடித்தான். திறைசேரியின் நெருக்கடி மெய்தான் என்று ஒப்புக்கொண்டான். கூலிக்காரன் வீட்டில் ஒரே நாளில் அரிசி விலை ஏறக்குறைய மூன்று மடங்கானதை மற்றவன் கணக்கிட்டுப் பார்த்தான். சற்று நேரம் பேசாதிருந்தான். கேள்வி கேட்ட பையன், "அப்ப ரெண்டும் பாதிதான், சேர்" என்றான்.

அவன் சொன்னதற்கு மேல் நான் சொல்ல அதிகமில்லை. நூலகத்தில் அடுத்த முறை அரசியல் நூல் ஒன்றை எடுக்கும்போது, அதற்கு மாறாகப் பேசும் நூலையும் உடன் எடுத்து வாருங்கள். இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் படியுங்கள். உங்களைக் கோபப்படுத்தும் நூலை உடனே மூடிவிடாதீர்கள். கோபம் வந்த பக்கத்திலே ஒரு கடதாசித் துண்டை வையுங்கள். மறுநாள் அதே பக்கத்திலிருந்து தொடங்குங்கள்.