பிள்ளைகளுக்குச் சாறு: ஒரு காபி டம்ளர் போதும்

(நமது சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



குழந்தைகளுக்கு வீட்டிலேயே சத்தான பழச்சாறும் காய்ச்சாறும் செய்து கொடுப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது காலையில் மிக்ஸி போடுவது என் டியூட்டி. எனக்குத் தெரிந்தது கணக்கு. அதனால் கணக்காகவே சொல்கிறேன்.

கடையில் விற்பது கெடுதல், வீட்டில் போடுவது நல்லது என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். அது பாதிதான் சரி. வீட்டில் போட்டாலும், நாரை வடிகட்டி எறிந்துவிட்டு, இரண்டு ஸ்பூன் சீனி போட்டு, பெரிய கிளாஸ் நிறையக் கொடுத்தால், பாட்டிலுக்கும் அதற்கும் அதிக வித்தியாசம் இல்லை.

ஒரு பெரிய கிளாஸ் சாத்துக்குடிச் சாறு, 200 மில்லி என்று வையுங்கள். அதற்கு மூன்று பழமாவது பிழிய வேண்டும். பிள்ளையிடம் மூன்று பழத்தை உரித்துக் கொடுத்துப் பாருங்கள். ஒன்றரைப் பழத்தில் போதும் என்று ஓடிவிடும். சாறாகக் கொடுத்தால் இரண்டு நிமிடத்தில் மூன்று பழத்துச் சர்க்கரையும் உள்ளே போய்விடுகிறது. சக்கை குப்பைத் தொட்டிக்குப் போகிறது. வயிறு நிறைந்த உணர்வைத் தருவதும், காலையில் கழிப்பறையில் சிரமம் இல்லாமல் செய்வதும் அந்தச் சக்கைதான்.

அந்த 200 மில்லியில் பழத்தின் சர்க்கரையே சுமார் 16 கிராம். மேலே போடும் இரண்டு டீஸ்பூன் சீனி இன்னொரு 9, 10 கிராம். மொத்தம் 25 கிராமுக்கு மேல். உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், ஒரு நாளின் மொத்தக் கலோரியில் இப்படிப்பட்ட சர்க்கரை 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்று சொல்லியிருக்கிறது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்குச் சுமார் 1,350 கலோரி. 5 சதவீதம் என்றால் 17 கிராம். 10 சதவீதம் என்றால் 34 கிராம். ஒரே கிளாஸில் முதல் வரம்பைத் தாண்டிவிட்டோம். பிஸ்கட், சாக்லேட், பாலில் போடும் சீனி எல்லாம் இன்னும் கணக்கில் வரவில்லை. கவனியுங்கள்: சீனி, தேன், பழச்சாறு ஆகியவற்றின் சர்க்கரை எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். முழுப் பழமாகக் கடித்துத் தின்றால் அதன் சர்க்கரை சேராது.

அப்படியானால் எவ்வளவு கொடுக்கலாம்? இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2019இல் அளவு சொல்லியிருக்கிறது. இரண்டு வயது வரை பழச்சாறே வேண்டாம். இரண்டு முதல் ஐந்து வயது வரை, கொடுத்தே ஆகவேண்டும் என்றால் நாளுக்கு 125 மில்லிக்குள். அதற்கு மேல் பதினெட்டு வயது வரை 250 மில்லிக்குள். அதுவும் வீட்டில் புதிதாகப் போட்டது. 125 மில்லி என்றால் நம் வீட்டுச் சின்ன காபி டம்ளர் அளவுதான். அதையே அளவாக வைத்துக்கொள்ளுங்கள்.

இனி செய்முறை. எல்லாம் இரண்டு பிள்ளைகளுக்கு, இரண்டு சின்ன டம்ளர் கணக்கு. எதிலும் சீனி இல்லை.

கேரட், தேங்காய்: ஒரு நடுத்தர கேரட்டைத் துண்டு போட்டு ஐந்து நிமிடம் ஆவியில் வேகவையுங்கள். இரண்டு ஸ்பூன் தேங்காய்த் துருவல், கொட்டை நீக்கிய ஒரு பேரீச்சம்பழம், ஒரு டம்ளர் ஆறிய வெந்நீர் சேர்த்து நைசாக அரையுங்கள். கேரட்டில் இருந்து கிடைக்கும் வைட்டமின் ஏ உடம்பில் சேரக் கொஞ்சம் கொழுப்பு வேண்டும். அதற்குத்தான் தேங்காய்.

பீட்ரூட், சாத்துக்குடி: வேகவைத்த பீட்ரூட் இரண்டு சிறு துண்டு, கொட்டையும் தோலும் நீக்கிய ஒரு சாத்துக்குடியின் சுளைகள், அரை டம்ளர் தண்ணீர். சுளைகளைப் பிழியாமல் அப்படியே அரையுங்கள். மறுநாள் சிறுநீரோ மலமோ சிவப்பாகப் போனால் பதற வேண்டாம். அது பீட்ரூட்டின் நிறம்.

நெல்லி, கொய்யா: ஒரு பெரிய நெல்லிக்காய், பாதிக் கொய்யா, ஐந்தாறு கறிவேப்பிலை, சிட்டிகை உப்பு, ஒன்றரை டம்ளர் தண்ணீர். கொய்யா விதைக்காகப் பெரிய கண் வடிகட்டியில் ஒருமுறை வடிக்கலாம். புளிப்பைக் கொய்யாவின் இனிப்பு சமன் செய்துவிடும்.

வெள்ளரி, மோர்: சித்திரை, வைகாசி வெயிலுக்கு. பாதி வெள்ளரிக்காய், ஒரு டம்ளர் மோர், கொஞ்சம் இஞ்சி, மல்லித்தழை, உப்பு. வெள்ளரியை ஒரு துண்டு தின்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.

இதில் நெல்லியைப் பற்றி ஒரு வார்த்தை. தேசியக் குடும்ப நல ஆய்வின் 2019-21 கணக்குப்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. கீரை, கேழ்வரகு, பயறு இவற்றில் இருக்கும் இரும்புச்சத்து எளிதில் உடம்பில் சேராது. கூடவே வைட்டமின் சி போனால் சேரும். ஆகவே நெல்லிச் சாற்றைத் தனியாகக் கொடுக்காமல், முருங்கைக்கீரை பொரியலோ கேழ்வரகு அடையோ சாப்பிடும்போது கூடக் கொடுங்கள். அந்த வேளையில் டீ, காபி வேண்டாம். அது இரும்புச்சத்தைத் தடுக்கும்.

நம் ஊர்ச் சரக்கு இரண்டைச் சொல்லியாக வேண்டும். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் சர்க்கரை ஆலை வைத்திருக்கிற கரும்புச் சீமை நமது. கரும்புச்சாறு இயற்கைதானே என்று வண்டியில் நின்று பெரிய கிளாஸ் வாங்கிக் கொடுக்கிறோம். சாற்றில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்குக்குக் குறையாமல் சர்க்கரைதான். அந்த ஐஸும் எந்தத் தண்ணீரில் செய்ததோ தெரியாது. ஆசைக்கு எப்போதாவது, ஐஸ் இல்லாமல், பாதி கிளாஸ் போதும். அந்த இடத்தில் இளநீர் எவ்வளவோ மேல். அதில் சர்க்கரை மிகக் குறைவு.

இன்னொன்று கல்வராயன் மலைத் தேன். வெள்ளிமலைப் பக்கம் போய் வருகிறவர்கள் பாட்டிலில் வாங்கி வருகிறார்கள். அசல் தேன்தான், சந்தோஷம். ஆனால் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு ஒரு சொட்டுத் தேன்கூட நாக்கில் தடவக் கூடாது. எவ்வளவு சுத்தமான தேனிலும் ஒரு வகைக் கிருமியின் வித்து இருக்கக்கூடும். பச்சைக் குழந்தையின் குடலில் அது முளைத்து விஷத்தை உண்டாக்கும். கை கால் தளர்ந்து மூச்சுக்கே ஆபத்தாகலாம். சேனை வைக்கும் பழக்கம் உள்ள வீடுகளில் பாட்டிமார்தான் இதைத் தடுக்க வேண்டும். பெரிய பிள்ளைகளுக்கும் தேன் என்பது சர்க்கரைக் கணக்கில்தான் வரும். நாட்டுச் சர்க்கரையும் அப்படியே.

சுரைக்காய்ச் சாறு இப்போது பெரியவர்கள் குடிக்கிற வழக்கம். பிள்ளைக்கும் ஒரு வாய் கொடுக்கிறார்கள். கசக்கும் சுரைக்காய் விஷம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிபுணர் குழு அமைத்து ஆராய்ந்து, கசந்தால் குடிக்கக் கூடாது என்று எச்சரித்திருக்கிறது. உயிர் போனதும் உண்டு. ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் தேன் கலந்து சமாளிக்காமல் தூக்கி எறியுங்கள். பிள்ளைகளுக்குச் சுரைக்காய் கூட்டாகவே இருக்கட்டும்.

கடைப் பாக்கெட்டை வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால், பின்பக்கத்தைப் படியுங்கள். எது அதிகமோ அது முதலில் வர வேண்டும் என்பது விதி. தண்ணீர், சர்க்கரை, அப்புறம் பழக்கூழ் என்று வரிசை இருந்தால் அது சர்க்கரைத் தண்ணீர். நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 ஜூனில், செறிவூட்டிய சாற்றில் தண்ணீர் கலந்து விற்பவர்கள் ‘100 சதவீதப் பழச்சாறு’ என்று போடக் கூடாது என உத்தரவிட்டது. வயிற்றுப்போக்கு வந்த பிள்ளைக்குப் பழச்சாறு எதுவும் கொடுக்காதீர்கள். சர்க்கரை போக்கை அதிகமாக்கும். மருந்துக் கடையில் உலக சுகாதார நிறுவன முறைப்படியான உப்பு சர்க்கரைக் கரைசல் என்று அச்சிட்ட பொடியைக் கேட்டு வாங்கி, உறையில் சொன்ன அளவுத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, டாக்டரிடம் காட்டுங்கள்.

சில வழக்கங்களையும் சொல்லி முடிக்கிறேன். போட்ட சாற்றை இருபது நிமிடத்துக்குள் குடித்துவிட வேண்டும். பள்ளிக்கூடப் பாட்டிலில் தண்ணீர் மட்டும். பால் புட்டியில் சாறு ஊற்றித் தூங்க வைத்தால் முன்பற்கள் சொத்தையாகும். சாப்பாட்டுக்கு முன்னால் கொடுத்தால் பசி கெடும், சாப்பாட்டோடு கொடுங்கள். குடித்தபின் வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள். திராட்சையை உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, நல்ல தண்ணீரில் மூன்று முறை கழுவுங்கள். மிக்ஸி ஜாரின் அடியில் பிளேடைச் சுற்றி ஒட்டியிருப்பதைத் தினமும் பிரஷ் போட்டுத் தேயுங்கள். கடிக்கத் தெரிந்த பிள்ளைக்குப் பழத்தைப் பழமாகவே கொடுப்பதுதான் முதல் வழி. சாறு அதற்குத் துணை.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஆகஸ்ட் 15 கொடியேற்றத்துக்குப் பிள்ளைகளுக்கு வழக்கமாக டெட்ரா பேக் ஜூஸ் பெட்டி பெட்டியாக வாங்குகிறோம். இந்த முறை அந்தப் பணத்தில் உழவர் சந்தையில் கொய்யாவும் வாழைப்பழமும் வாங்குவோம். வேண்டியவர்களுக்குச் சின்ன டம்ளரில் மோர். பழம் கழுவ, நறுக்க, மோர் கரைக்க நான் காலை ஆறு மணிக்கே வருகிறேன். கூட வர இன்னும் நான்கு பேர் பெயர் கொடுத்தால் போதும். செயலாளர் அவர்களிடம் நோட்டு இருக்கிறது.