மேனேஜரைத் தூக்கிட்டா டீம் ஜெயிச்சிடுமா?

இந்த எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டுவிட்டு, படிக்க வசதியாகச் சுருக்கியிருக்கிறோம்.

இன்னிக்கு சிட்டி, ஆர்சனல், லிவர்பூல் எல்லாருக்கும் லீவு விட்டாச்சு. நாம போகப் போறது கிழக்கு லண்டன்ல இருக்கிற ஒரு சின்ன கிளப்புக்கு. பேரு லெய்ட்டன் ஓரியன்ட்.

ஏன் இந்த கிளப்? ஃபுட்பால் பாக்கிற எல்லாரும் வாராவாரம் ஒரே சண்டை போடுறோம். நாலு மேட்ச் வரிசையா தோத்தா ஒருத்தர் "மேனேஜரைத் தூக்கு"ன்னு ஆரம்பிப்பாரு. இன்னொருத்தர் "கொஞ்சம் டைம் குடுங்கப்பா"ம்பாரு. ராத்திரி 2 மணி வரைக்கும் ஓடும், முடிவு வராது. பெரிய கிளப்ல இந்தச் சண்டை பொழுதுபோக்கு. தப்பான ஆளைத் தூக்கினாலும் அடுத்த சீசன் டிவி பணம் வரும், கிளப் இருக்கும். கீழ் லீக்ல அப்படி இல்ல. அங்க இந்த முடிவு தொடர்ந்து தப்பாப் போனா கிளப்பே இல்லாமப் போற நிலைமை வரலாம்.

முதல்ல ஏணியைப் புரிஞ்சுக்குவோம். மேல ப்ரீமியர் லீக், 20 டீம். அதுக்குக் கீழ சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ, ஒவ்வொண்ணுலயும் 24 டீம். இந்த மூணும் சேர்ந்ததுதான் ஃபுட்பால் லீக். நாம பேசப் போற வருஷங்கள்ல, லீக் டூல கடைசி ரெண்டு இடத்துல முடிச்சா ஃபுட்பால் லீக்கை விட்டே வெளிய. வருமானம் சரியும், நல்ல பிளேயர் கிளம்பிடுவாரு, திரும்பி வர எத்தனை வருஷம் ஆகும்னு யாராலயும் சொல்ல முடியாது.

11 பேர்

2014 மே மாசம். ஓரியன்ட் லீக் ஒன் ப்ளே-ஆஃப் ஃபைனல்ல, வெம்ப்ளில ஆடுறாங்க. ஜெயிச்சா சாம்பியன்ஷிப். ராதர்ஹாமுக்கு எதிரா 2-0 முன்னிலை. அப்புறம் 2-2. அப்புறம் பெனால்டி ஷூட்-அவுட்ல தோல்வி. நெஞ்சு உடையற தோல்விதான், ஆனா டீம் நல்ல டீம். ரஸ்ஸல் ஸ்லேட்னு ஒரு மேனேஜர், குறைஞ்ச பட்ஜெட்ல அவ்வளவு தூரம் கொண்டு வந்திருந்தாரு.

அந்தக் கோடையில கிளப் கை மாறுது. புது ஓனர் ஃப்ரான்செஸ்கோ பெக்கெட்டி, இத்தாலிய தொழிலதிபர். செப்டம்பர்லயே ஸ்லேட் விலகிட்டாரு, கொஞ்ச நாள்ல கார்டிஃப் சிட்டிக்குப் போயிட்டாரு. அதுக்கப்புறம் நடந்தது ஒரு பட்டியல். கெவின் நியூஜென்ட், மவ்ரோ மிலனேசே, ஃபாபியோ லிவரானி, இயன் ஹென்டன், கெவின் நோலன், ஆண்டி ஹெசன்தாலர், ஆல்பெர்டோ கவாசின், ஆண்டி எட்வர்ட்ஸ், டேனி வெப், ஓமர் ரிசா. தற்காலிகமா பாத்துக்கிட்டவங்களையும் ஸ்லேடையும் சேர்த்து எண்ணினா 11 பேர். காலம்? மூணு வருஷம்கூட முழுசா இல்ல.

இதுல ஹெசன்தாலர் கதையை மட்டும் தனியா சொல்லணும். 2015 டிசம்பர் 26, போர்ட்ஸ்மவுத்தை ஜெயிச்ச நாள். மேட்ச் முடிஞ்சதும் ஓனர் மைதானத்துக்குள்ள வந்து, அப்போ அசிஸ்டன்ட் மேனேஜரா இருந்த ஹெசன்தாலரை உதைச்சாரு. ஜெயிச்ச அன்னிக்கு! ஃபுட்பால் அசோசியேஷன் ஓனருக்கு 40,000 பவுண்டு அபராதமும் 6 மேட்ச் ஸ்டேடியம் தடையும் போட்டுச்சு. நாலு மாசம் கழிச்சு அதே ஓனர் அதே ஹெசன்தாலரை மேனேஜர் ஆக்கினாரு. செப்டம்பர்ல வீட்டுக்கு அனுப்பிட்டாரு.

ரிசல்ட் என்ன ஆச்சு? 2015-ல லீக் டூவுக்கு இறங்கினாங்க. வெம்ப்ளில நின்னு முழுசா ஒரு வருஷம்கூட ஆகல. 2016-17 சீசன்ல மட்டும் 5 மேனேஜர். அந்த வசந்த காலத்துல சம்பளம் தாமதமாகுது, வரி பாக்கிக்காக கிளப்பை மூடச் சொல்லி கோர்ட்ல மனு. 2017 ஏப்ரல் 22, க்ரூல 3-0 தோல்வி, ரெலகேஷன் உறுதி. 1905-ல இருந்து 112 வருஷமா இருந்த ஃபுட்பால் லீக் இடம் போச்சு.

ஒரு வாரம் கழிச்சு சொந்த மைதானத்துல கோல்செஸ்டரோட மேட்ச். முடிய சில நிமிஷம் இருக்கும்போது ரசிகர்கள் மைதானத்துக்குள்ள இறங்கிட்டாங்க. கோஷம் மேனேஜருக்கு எதிரா இல்ல, ஓனருக்கு எதிரா. எல்லாரையும் வெளிய அனுப்பிட்டு, காலி ஸ்டேடியத்துல மிச்ச நிமிஷங்களை ஆடி முடிச்சாங்க.

"தூக்கு"ன்னு சொல்றவங்க பக்கம்

இந்தக் கதையைக் கேட்டா "பாத்தீங்களா, மேனேஜரை மாத்தவே கூடாது"ன்னு தோணும். அவசரப்படாதீங்க. தூக்கணும்னு சொல்றவங்களும் முட்டாள் இல்ல.

அவங்க வாதம் இதுதான். ரெலகேஷன் ஒரு மலை உச்சியோட விளிம்பு மாதிரி. அங்க வந்ததுக்கு அப்புறம் பொறுமை ஒரு குணம் இல்ல, ஆபத்து. சீசன் நடுவுல 25 பிளேயரை மாத்த முடியாது, ட்ரான்ஸ்ஃபர் விண்டோ மூடியிருக்கும். மாத்த முடிஞ்ச ஒரே ஆள் மேனேஜர். அதோட, டிரெஸ்ஸிங் ரூம் ஒருத்தரை நம்பறத நிறுத்திடுச்சுன்னா திரும்ப நம்ப வைக்கிறது கஷ்டம். இது எல்லாமே நியாயமான பேச்சு.

"இருக்கட்டும் விடு"ன்னு சொல்றவங்களுக்கும் கணக்கு இருக்கு. தூக்கினா காண்ட்ராக்ட்ல மிச்சம் இருக்கிற பணத்துக்கு ஏதாவது செட்டில்மென்ட் பண்ணணும். அவரோட வந்த அசிஸ்டன்ட்களும் கிளம்புவாங்க. புதுசா வர்றவரு "இது என் டீம் இல்ல, என் ஸ்டைலுக்கு ஆள் வேணும்"னு கேப்பாரு. சின்ன கிளப்ல அந்தக் காசு ஒரு நல்ல ஸ்ட்ரைக்கரோட ஒரு வருஷச் சம்பளமா இருக்கலாம்.

சரி, ஆராய்ச்சி ஏதாவது சொல்லுதா? சொல்லுது. நெதர்லாந்து பொருளாதார ஆய்வாளர் பாஸ் டெர் வேல், 1986-ல இருந்து 2004 வரைக்கும் டச்சு முதல் டிவிஷன் மேட்ச்களை எடுத்துப் பாத்தாரு. தொடர்ந்து தோத்து மேனேஜரைத் தூக்கின கிளப்கள் அப்புறம் கொஞ்சம் மேல வந்துச்சு. ஆனா அவர் இன்னொரு கூட்டத்தையும் எடுத்தாரு: அதே மாதிரி சரிஞ்சும் மேனேஜரைத் தூக்காத கிளப்கள். அவங்களும் கிட்டத்தட்ட அதே அளவு மேல வந்திருந்தாங்க.

நம்ம வீட்ல சொல்லுவாங்களே, ஜலதோஷத்துக்கு மருந்து சாப்பிட்டா ஒரு வாரத்துல போகும், சாப்பிடலன்னா ஏழு நாள்ல போகும்னு. அதேதான். ரொம்ப மோசமான ஓட்டத்துல பாதி துரதிர்ஷ்டம். பந்து போஸ்ட்ல படும், ரெஃப்ரி பெனால்டி தர மாட்டாரு, முக்கியமான ஆளுக்கு அடிபட்டிருக்கும். அது தானா சரியாகும். சரியாகிற நேரத்துல புது மேனேஜர் நின்னுட்டிருந்தா பேரு அவருக்கு.

ஒரே நாள், ரெண்டு கிளப்

2014 மே 3. லீக் டூ கடைசி நாள். விக்கம் வாண்டரர்ஸ், பிரிஸ்டல் ரோவர்ஸ், ரெண்டு பேருமே கீழ போற ஆபத்துல இருந்தாங்க.

விக்கம் அப்போ ரசிகர்களோட ட்ரஸ்ட் கையில இருந்த கிளப். மேனேஜர் கேரத் ஐன்ஸ்வொர்த், 2012-ல பொறுப்பேத்தவரு. சீசன் படுமோசம், ஆனா அவரைத் தூக்கல. பிரிஸ்டல் ரோவர்ஸ் மார்ச் கடைசியில மேனேஜர் ஜான் வார்டை வேற பதவிக்கு நகர்த்திட்டு, அசிஸ்டன்ட் டேரல் கிளார்க் கையில டீமைக் குடுத்துட்டாங்க.

கடைசி நாள் விக்கம் டார்க்கேல 3-0 ஜெயிச்சாங்க. ரோவர்ஸ் சொந்த மண்ணுல மான்ஸ்ஃபீல்ட்கிட்ட 1-0 தோத்தாங்க. ரெண்டு பேருக்கும் 50 பாயின்ட். கோல் வித்தியாசத்துல ரோவர்ஸ் வெளிய.

மாத்தாதவங்க பொழைச்சாங்க, மாத்தினவங்க விழுந்தாங்க. ஆனா கதை அதோட முடியல. ஐன்ஸ்வொர்த் 2020-ல விக்கமை வரலாற்றுலயே முதல் தடவையா சாம்பியன்ஷிப்புக்குக் கொண்டு போனாரு. ரோவர்ஸ், கீழ இறக்கின அதே கிளார்க்கைத் தூக்காம வெச்சிருந்தாங்க. 2015-ல ஒரு ப்ரமோஷன், 2016-ல இன்னொண்ணு. அந்த ரெண்டு கிளப்லயும் மைதானத்துல கத்தின கூட்டத்தோட பேச்சைக் கேட்டிருந்தா, இந்த ரெண்டு பேருமே அன்னிக்கே காணாமப் போயிருப்பாங்க.

எய்தவன் யாரு?

இப்போ பெரி. 2019-ல லீக் டூல ரெண்டாவது இடம், ப்ரமோஷன். மேனேஜர் ரயன் லோ மேல யாருக்கும் புகார் இல்ல. அதே வருஷம் ஆகஸ்ட் 27-ஆம் தேதி, கிளப்பை நடத்தப் பணம் இருக்குன்னு ஓனர் நிரூபிக்க முடியாததால, பெரியை ஃபுட்பால் லீக்ல இருந்தே நீக்கிட்டாங்க. 125 வருஷ உறுப்பினர். மேனேஜர் தன் வேலையைச் சரியா செஞ்சும் கிளப் லீக்ல இல்ல.

"எய்தவன் இருக்க அம்பை நோவானேன்"னு நம்மகிட்ட ஒரு பழமொழி இருக்கு. மேனேஜர் அம்பு. எய்யறது ஓனர். நாம ஏன் அம்பைத் திட்டறோம்? ஏன்னா அம்புதான் கண்ணுக்குத் தெரியுது. டச்லைன்ல மழையில நனைஞ்சுக்கிட்டு நிக்கிறது அவருதான், மேட்ச் முடிஞ்சு மைக் முன்னாடி உக்காருறதும் அவருதான். ஓனரைத் தூக்க முடியாது, அவரு வித்தாத்தான் உண்டு. அதனால நமக்கு இருக்கிற ஒரே ஓட்டை மேனேஜர் மேல போட்டுடறோம். அந்த ஓட்டு ஓனருக்கு ரொம்ப வசதி. ஒரு ஆளை அனுப்பினா ரெண்டு மாசம் கேள்வி இல்லாம ஓட்டிடலாம்.

சரி, ஓரியன்ட் என்ன ஆனாங்க? 2017 ஜூன்ல நைஜல் ட்ராவிஸ் தலைமையில ஒரு குழு கிளப்பை வாங்கிச்சு. முன்னாடி அங்க மேனேஜரா இருந்து ப்ரமோஷன் வாங்கித் தந்த மார்ட்டின் லிங்கை டைரக்டர் ஆஃப் ஃபுட்பாலா கொண்டு வந்தாங்க. அவங்களும் மேனேஜரைத் தூக்கினாங்க! ஸ்டீவ் டேவிஸ் ஜூலைல வந்தாரு, நவம்பர்ல போனாரு. வந்தது ஜஸ்டின் எடின்பரோ. 2019-ல நேஷனல் லீக் சாம்பியன், ஃபுட்பால் லீக்குக்குத் திரும்பிட்டாங்க. சில வாரத்துலயே, 49 வயசுல, மாரடைப்பு வந்து எடின்பரோ இறந்துட்டாரு. இன்னிக்கு அந்த ஸ்டேடியத்துல ஒரு ஸ்டாண்டுக்கு அவர் பேரு.

அதுக்கப்புறமும் அங்க மேனேஜர்கள் மாறினாங்க. 2022 பிப்ரவரில கென்னி ஜேக்கெட்டை அனுப்பினாங்க, மார்ச்ல ரிச்சி வெல்லன்ஸ் வந்தாரு, 2023-ல லீக் டூ சாம்பியன். ஆக, தூக்கறதே பாவம் இல்ல. அந்த 11 பேர் கதைக்கும் இதுக்கும் வித்தியாசம் மேல உக்காந்திருக்கிறவங்கதான். எப்படிப்பட்ட டீம் வேணும்னு தெரிஞ்சவங்க ஒருத்தரை மாத்தினா அது திருத்தம். தெரியாதவங்க மாத்தினா அது லாட்டரிச் சீட்டு.

அதனால அடுத்த தடவை இந்தச் சண்டை வரும்போது மூணு கேள்வி கேளுங்க. ஒண்ணு, அடுத்து வர்றவரு யாரு, அவரை எதுக்காகத் தேர்ந்தெடுக்கிறாங்க? ரெண்டு, பிளேயரை வாங்கறது யாரு, மேனேஜரா, டைரக்டரா, இல்ல ஓனரோட ஆசையா? மூணு, கிளப்ல வேலை செய்யற எல்லாருக்கும் சம்பளம் தேதிக்கு வருதா? மூணாவதுக்கு "இல்ல"ன்னு பதில் வந்தா, டாக்டிக்ஸ் பத்திப் பேசறதை அன்னிக்கே நிறுத்திடலாம்.

இங்கிலாந்துல இந்தப் பேச்சு கொஞ்சம் நகர்ந்திருக்கு. பெரி மாதிரி கிளப்கள் விழுந்த பிறகு, ரசிகர்களையும் சேர்த்து ஒரு ரிவ்யூ நடந்துச்சு. 2025 ஜூலைல ஃபுட்பால் கவர்னன்ஸ் சட்டம் வந்திருக்கு. மேல இருக்கிற அஞ்சு டிவிஷனுக்கும் தனியா ஒரு ரெகுலேட்டர், ஓனருக்குத் தகுதி இருக்கா, பணம் இருக்கான்னு சோதிக்கிற அதிகாரத்தோட. அது எவ்வளவு வேலை செய்யும்னு இனிமேதான் பாக்கணும். ஆனா கேள்வி சரியான ஆளை நோக்கித் திரும்பியிருக்கு.

உங்க டீம்ல இப்போ யாரு நாற்காலி ஆடுது? அந்த மூணு கேள்விக்கும் பதில் தேடிப் பாத்துட்டு எங்களுக்கு எழுதுங்க. "தூக்கு", "வேணாம்" ரெண்டையும் படிப்போம், காரணம் மட்டும் இருக்கணும். அடுத்த வாரம் பாக்கலாம் மக்களே.